ஐந்து புது முகங்கள்

"அஞ்சு பேரு, பாஸ்டர்! அஞ்சும் புது மூஞ்சி!"

சூப் கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஓடி வந்தார் சபையின் சமையலறையை ஆளும் ஓக்-ரே அம்மா. போதகர் தாக் ஜுன்-மோ கட்டிக்கொண்டிருந்த டையைப் பாதியில் விட்டுவிட்டுக் கதவிடுக்கில் கண்ணை வைத்தார்.

நிஜம்தான். மலையேறுகிறவர்களின் பளபளச் சட்டையும் தொப்பியுமாக ஐந்து ஆண்கள் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரையொருவர் தெரிந்தவர்களாகவும் தோன்றவில்லை. போதகருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

புரியாதா பின்னே? ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தச் சின்னச் சபையில் மிச்சமிருந்ததெல்லாம் முழங்கால் வலிக்காரர்கள். கிறிஸ்துமஸுக்குள் ஒரே ஒரு புது ஆளாவது சேராவிட்டால் அடுத்த ஊர்ப் பெரிய சபையோடு இணைத்துவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

அந்தப் பயத்தில்தான் சியோலில் நடந்த சபை வளர்ச்சிப் பயிற்சிக்குப் போனார். யார் முகமும் யாருக்கும் நினைவில் நிற்காத பெரிய மண்டபம், நூற்றுக்கணக்கில் போதகர்கள். கடைசி நாள் மதிய வகுப்பு மட்டும் தவறிவிட்டது. குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் ஏற்ற வேனோடு திரும்பி வர வேண்டும் என்று ஓக்-ரே அம்மா போன் போட்டுவிட்டார்.

"பாத்தீங்களா, மூப்பரே? பயிற்சி, கியிற்சி எல்லாம் வெட்டி வேலைன்னீங்களே!" என்றார் தாக், பக்கத்தில் வந்து நின்றவரிடம்.

சபையை இணைத்துவிடலாம் என்று முதலில் கை தூக்கியவர் மூப்பர் பியோ. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அடுத்த வாரமும் வந்தா பேசுங்க, பாஸ்டர். ஆறாவதா ஒருத்தன் வந்திருக்கான், அவனைச் சேத்துக்காதீங்க. ஸ்டேஷன் வாசல்ல நிக்கிற டாக்ஸிக்காரன். வாசனை புடிச்சிட்டு வந்து சூப் எப்போன்னு கேக்கறான். ஆராதனை முடிஞ்சாத்தான்னு கடைசி பெஞ்சுல உக்கார வெச்சிருக்கேன்."

புது ஆள் வந்தால் முதல் நிமிடத்திலேயே அன்பைக் கொட்ட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கொட்டினார்கள். சூடான பார்லி டீ, அரிசிப் பலகாரம், உட்காரக் குஷன். ஒரு பாட்டி தன் கழுத்து மப்ளரையே கழற்றி ஒருவருக்குச் சுற்றிவிட்டார். டாக்ஸிக்காரர் இதையெல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு தொடங்கியதும் கூரை அதிர்ந்தது. ஐந்து பேரும் புத்தகத்தைத் திறக்காமலே எல்லாச் சரணங்களையும் பாடினார்கள். டாக்ஸிக்காரரோ புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். மூப்பர் பியோ முழங்கையால் ஓர் இடி இடித்து அதைத் திருப்பிக் கொடுத்தார்.

பிரசங்கத்தில் தாக் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் ஐந்து 'ஆமென்' விழுந்தது. இப்படி ஒரு பிரசங்கம் தன் ஆயுளிலேயே செய்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. தரையில் கால் பாவவில்லை.

கடைசியில் ஆசீர்வாதம். சபையார் தலை குனிந்து கண்ணை மூட, போதகர் மட்டும் இரண்டு கைகளையும் உயர்த்திச் சொல்ல வேண்டியது. சொன்னார். சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தார்.

திறந்த கண் திறந்தபடி நின்றது. பெஞ்சுகளுக்கு மேலே ஐந்து ஜோடிக் கைகள் உயர்ந்திருந்தன. மூடிய கண்களோடு ஐந்து பேரும் அதே ஆசீர்வாதத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

சபையே திரும்பிப் பார்த்தது. மப்ளர்க்காரர்தான் முதலில் கண் விழித்து, கையை மெல்ல இறக்கினார்.

"மன்னிச்சுக்கோங்க, பாஸ்டர். பல வருஷப் பழக்கம், கை தானாத் தூக்கிடுச்சு. நானும் போதகர்தான்."

"அட, நீங்களுமா?" என்றது எதிர் மூலை.

"நானும்தாங்க!" என்றது ஜன்னலோரம்.

"சியோல் பயிற்சியில கடைசி நாள் மத்தியானம் வீட்டுப்பாடம் குடுத்தாங்களே," என்றார் மப்ளர்க்காரர். "ஒரு ஞாயித்துக்கிழமை உங்க சபையை மூப்பர்கிட்ட விட்டுட்டு, போதகர்னு தெரியாத உடுப்புல, தெரியாத ஊர்ல புது ஆளா போய் உக்காருங்கன்னு. ரயிலை விட்டு எறங்கினேன், எதுத்தாப்புலயே சிலுவை தெரிஞ்சுது."

மற்ற நான்கு தலைகளும் ஆடின. ஓக்-ரே அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடப் பாவிங்களா! ஆடுன்னு நெனச்சு அஞ்சு மேய்ப்பனுக்கா பலகாரம் ஊட்டினேன்!"

கிழவிகள் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். தாக்கும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கவே கிறிஸ்துமஸ் கெடு ஞாபகம் வந்தது. ஐந்தும் போயிற்று. மூப்பர் பியோ ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குள் கடைசி பெஞ்சில் யாரோ கனைத்தார்கள். டாக்ஸிக்காரர் எழுந்து, இரண்டு கைகளையும் அரைகுறையாகத் தூக்கியபடி நின்றார்.

"சர்ச்சுக்கு இன்னிக்குத்தாங்க மொத தடவை வரேன், கையைத் தூக்கணும்னு தெரியாமப் போச்சு. அடுத்த வாரம் சரியாத் தூக்கிடறேன்!"