மிங்காவின் ஈஸ்டர் உடுப்பு

கார்லோவோ ஊரில் பதின்மூன்று வயது மிங்கா காய்ச்சலில் இறந்து நாற்பது நாள் கழிந்ததும், அவள் அம்மா கேரானா ஓவியர் கென்கோவை வரவழைத்தாள். ஈஸ்டருக்கென்று தைத்து, போடாமலே போன புது உடுப்பில் மகளை வரைய வேண்டும் என்றாள்.

பூவேலை செய்த வெள்ளைச் சட்டையையும், கறுப்புக் கம்பளி அங்கியையும், வெள்ளிக் கொக்கி வைத்த இடுப்புப்பட்டையையும் கென்கோ நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருப்பது போல அடுக்கினார்.

“முகத்தை நீ சொல்லச் சொல்ல வரையறேன், தங்கச்சி.”

“உசுரோட இருந்தப்ப ஒரு நிமிஷம் உட்கார மாட்டாண்ணே.”

மூன்றாம் நாள் மாலை உடுப்பை மடிக்க எடுத்த கேரானா அப்படியே நின்றாள். சட்டையின் அக்குள் கதகதப்பாக, லேசான ஈரத்தோடு இருந்தது. மறுநாளும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கென்கோ வரவில்லை. நாள் முழுக்க நாற்காலியில் இருந்தும் துணி சில்லிட்டுக் கிடந்தது.

படம் முடியும் நாளில் அவள் குறுக்கே வந்து நின்றாள்.

“வலது கை விரல் அஞ்சையும் மட்டும் விட்டுடுங்க. வருஷத்துக்கு ஒண்ணா வந்து வரைங்க.”

“அதுக்கப்புறம்?”

“அதை அப்புறம் பாத்துக்கலாம்.”

கென்கோ நாற்காலியில் இருந்த சட்டைக் கையைத் தொட்டார். தூரிகையைக் கழுவி வைத்தார்.

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் வந்தார். நான்காம் ஆண்டு, அவர் வந்த இரண்டாம் நாள் மாலையில், சட்டையின் தோள் தையல் விட்டிருந்தது. கேரானா அதைப் பிரித்து, துண்டுத் துணி கொடுத்து, அகலம் கூட்டித் தைத்தாள்.

“பதினேழாயிடுச்சு. இறுக்கத்தானே செய்யும்?” என்றாள்.

மறுநாள் காலை கென்கோ மோதிர விரலை வரைந்து முடித்தார். இனி சுண்டு விரல் மட்டும்தான் பாக்கி.