பொங்கல் வரைக்கும்

தீபாவளி முடிந்தது. அவன் அடுத்த பையை நீட்டினான்.

"கார்த்திகை. சீக்கிரம் மாத்திட்டு வா."

அவள் பையை வாங்கிக்கொண்டு கோட்டைக் கழிப்பறைக்கு நடந்தாள். பச்சைப் புடவை, ஓர் அகல் விளக்கு, வேறு பொட்டு. எல்லாம் அவன் எடுத்து வைத்தவை.

அக்டோபர் பாதிதான் ஆகியிருந்தது.

திட்டம் போட்டுச் செய்வதில் அவள் கணவன் கெட்டிக்காரன். ஆபீஸில் அதற்குக் கைதட்டல் வாங்கியவன். பொங்கல் வரைக்குமான அவளுடைய படங்களை ஒரே நாளில் எடுத்து முடிக்க இந்த ஊரைப் பிடித்திருந்தான். கோட்டை இருக்கிறது. அதன் பின்னால் எந்தெந்த நாட்டு மரங்களையோ கொண்டுவந்து நட்ட பெரிய தோட்டம் இருக்கிறது. இதோடு அவளை வெளியே கூட்டிக்கொண்டு அலைகிற வேலை மிச்சம்.

படங்கள் அவள் அப்பாவுக்கு, பண்டிகைக்குப் பண்டிகை அனுப்ப.

கடல் தாண்டி, தென்காசியில் இருக்கிறார். காது சுத்தமாகக் கேட்காது. அதனால் பேச்சு கிடையாது, படமும் எழுத்தும்தான். படம் போனால் விரலால் இழுத்துப் பெரிதாக்கி மூலைமூலையாகப் பார்ப்பார். பிறகு எழுதுவார்: 'தலையில பூ இல்லையே தாயி.'

ஆடி மாதத்தில் ஒருநாள் அவள், 'அப்பா, வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க' என்று எழுதினாள். அனுப்புவதற்குள் அவன் பார்த்துவிட்டான்.

அன்றிலிருந்து அவள் போன் அவன் சட்டைப்பையில் இருக்கிறது. அவள் பெயரில் அவனே எழுதுகிறான். அவளைவிட அன்பாக எழுதுகிறான்.

கழிப்பறைக் கண்ணாடி பெரிதாக இருந்தது. முழங்கைக்கு மேலே கன்றியிருந்த நீலத்தை அவள் பார்க்கவில்லை. எல்லா ரவிக்கையும் நீளக் கைதான். அதையும் அவன் யோசித்திருந்தான்.

தோட்டத்தில் ஒரு மரம் உச்சி முதல் அடி வரை மஞ்சளாக நின்றது. சின்னச் சின்ன விசிறிபோல இலைகள். தீபாவளிக்கு அதன் கீழேதான் நின்றாள். கார்த்திகைக்கும் அங்கேயே போய் நின்றாள்.

அவன் அங்கேயே வைத்து எடுத்தான்.

போன டிசம்பரில் அவள் அனுப்பிய மொட்டை மரத்தைப் பார்த்து அப்பா பதறிப்போனார். 'மரம் செத்துப்போச்சா தாயி?' குளிர் போனதும் துளிர்க்கும் என்று எழுதினாள். அவர் நம்பவில்லை. வாரம் தவறாமல் கேட்டார். சித்திரையில் முதல் துளிரை அனுப்பியபோது போனைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினாராம்.

பொங்கலுக்கு இங்கே ஓர் இலைகூட இருக்காது என்று தென்காசியில் ஒருவருக்குத் தெரியும்.

விளக்கை ஏந்திக்கொண்டு சிரித்தாள்.

கடைசிப் பையில் பட்டுப்புடவை. குளிரில் பற்கள் தந்தியடித்தன. நாயோடு போன ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்று பார்த்து, அழகு என்று கையால் காட்டிவிட்டுப் போனாள். அவளைக் கூப்பிட்டிருக்கலாம். என்ன பாஷையில், என்னவென்று?

"பொங்கல்னா இப்படியா இருப்ப? நல்லா சிரி."

அதே மரம். காற்று ஒரு வீசு வீசியது. இலை பொலபொலவென்று கொட்டியது. அவன் எடுத்தான்.

காரில் ஹீட்டரைப் போட்டுவிட்டு, அவளுக்குத் தெரியும்படி போனைப் பிடித்துக்கொண்டான். எங்கோ அழுத்தினான். மரம் காணாமல் போனது. அந்த இடத்தில் கோட்டைச் சுவர் வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு படமாக, நிதானமாக.

"உங்கப்பாவுக்குத்தான் இலைப் பைத்தியமாச்சே. பழசெல்லாம் படிச்சேன். நீ அந்த மரத்தடிக்கே ஓடுறப்பவே தெரியும். சரி, ஆசைக்கு நிக்கட்டும்னு விட்டேன்."

சிரித்தான். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தான்.

அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

கடைசிப் படத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். சுவருக்கு முன்னால் பட்டுப்புடவையில் அவள் மட்டும். காதோரம், முடியில், ஒரு மஞ்சள் இலை சிக்கியிருந்தது.

மரத்தை அழித்த போன், இந்த இலையை அவள் முடியோடு சேர்ந்ததென்று எண்ணி விட்டுவைத்திருந்தது. அவன் சுவரின் ஓரம் பிசிறில்லாமல் வந்திருக்கிறதா என்று பார்த்தான். திருப்தியாகச் சேமித்துவைத்தான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முடியை ஒதுக்குவதுபோல் கையைக் கொண்டுபோனாள். இலை இன்னும் அங்கேதான் இருந்தது. அவன் கண்ணில் படுவதற்குள் சத்தமில்லாமல் எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாள்.

கார் கிளம்பியது.

பொங்கலுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.