கட்டிலுக்கு ஒரு குத்து

டைப் மாஸ்டர் விட்ட முதல் குத்திலேயே சம்பந்தியின் ஆள் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே போய், மேகத்தில் முட்டி, திரும்பி வந்து தரையில் விழுந்தான். எல்லாம் டிவிக்குள்ளேதான். இருந்தாலும் மாஸ்டருக்குத் தன் முஷ்டியே லேசாக வலிப்பதுபோல் இருந்தது.

"அப்படிப் போடு," என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தி தொடையைத் தட்டினார்.

அடி வாங்குகிறவரே ரசிக்கிறாரே, என்ன பெரிய மனசு என்று மாஸ்டர் ஒரு நொடி நெகிழ்ந்தார். அடுத்த நொடி இன்னொரு குத்து விட்டார். கட்டில் விஷயத்தில் நெகிழ்ச்சிக்கெல்லாம் இடம் கிடையாது.

விஷயம் இதுதான். இரண்டு சம்பந்தி அம்மாக்களும் கைகோத்துக்கொண்டு பத்து நாள் சுற்றுலா கிளம்பிவிட்டார்கள். அவர்களுடைய கணவன்மார்கள் இரண்டு பேரும் பார்சல் மாதிரி மாஸ்டரின் மகன் வீட்டில் வந்து இறங்கியிருந்தார்கள். காலியாக இருந்தது ஒரே ஓர் அறை. அதில் ஒற்றைக் கட்டில், ஒட்டினாற்போல் குளியலறை. அதை விட்டால் ஹால் சோபாதான். அதில் படுத்தால் முழங்காலுக்குக் கீழே இருப்பதெல்லாம் வெளியூர்.

நேற்று ராத்திரி "நீங்க படுங்க", "சேச்சே, நீங்க படுங்க" என்று மரியாதை முற்றிப்போய், ஒருவர் சோபாவிலும் இன்னொருவர் தரையிலும் படுத்தார்கள். கட்டில் மட்டும் நிம்மதியாகத் தூங்கியது.

இன்று காலை இருவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்த மருமகள், பாவம் பொழுது போகட்டும் என்று வீடியோ கேமைப் போட்டு, ஆளுக்கொரு கன்ட்ரோலரைக் கையில் திணித்தாள்.

"வேற வேற கேம்ல இருக்கிற ஹீரோக்களை எல்லாம் இதுல ஒண்ணா கொண்டுவந்து விட்டிருக்காங்க. ஒரு பக்கத்துக்கு ரெண்டு பேர். ஒருத்தர் அடிக்கிறப்போ இன்னொருத்தர் வெளியே ஓய்வெடுக்கலாம். இந்தப் பொத்தானை அழுத்தினா ஆள் மாறிடும். எனக்கு ஆபீஸ் மீட்டிங் இருக்கு, ரெண்டு பேரும் சண்டை போடாம விளையாடுங்க," என்றவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டாள்.

சண்டை போடுகிற விளையாட்டைச் சண்டை போடாமல் எப்படி விளையாடுவதாம் என்று இருவரும் சிரித்தார்கள். அவள் தலை திரும்பியதும் பந்தயம் கட்டிவிட்டார்கள். ஜெயிக்கிறவருக்குக் கட்டில்.

"முப்பத்தஞ்சு வருஷம் ரயில் எஞ்சின் ஓட்டினவன் நான். இந்தத் துக்கடாப் பெட்டி எனக்கு எம்மாத்திரம்?" என்றார் சம்பந்தி.

மாஸ்டர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். நாற்பது வருஷம் தட்டச்சு சொல்லிக்கொடுத்தவர். அவர் விரல் வேகத்தில் மெஷின் கொதித்து, மாணவர்கள் அதன் மேல் காபி டம்ளரை வைத்துச் சூடுபண்ணிக் குடித்தார்கள். இந்தத் தகவலை ஊரெல்லாம் பரப்பியதும் அவர்தான்.

இதோ, அவருடைய ஆளான சிவப்புக் கையுறைக்காரி பின்னி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் களைத்ததும் மாஸ்டர் பொத்தானை அழுத்தினார். கரடி முகமூடி போட்ட ஒரு தடியன் தொம்மென்று உள்ளே குதித்தான்.

அவனிடம் ஒரே குறைதான். சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மாஸ்டர் உதைக்கச் சொன்னால் குத்தினான், குனியச் சொன்னால் பறந்தான். ஆனால் ஒவ்வோர் அடியும் இடி. போகட்டும், தன் வகுப்பிலும் சொல்பேச்சு கேட்காத பயல்கள்தானே முதலில் பாஸ் பண்ணினார்கள் என்று மாஸ்டர் சமாதானம் செய்துகொண்டார்.

"இவ்வளவு நேரம் என் பொத்தான் மக்கர் பண்ணிச்சு. இப்பதான் வழிக்கு வருது," என்று சம்பந்தி பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார்.

"ஃபெயிலான பசங்க எல்லாருமே மெஷின் மேலதான் பழியைப் போடுவாங்க, சம்பந்தி."

கரடி எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கி, பம்பரமாய்ச் சுற்றி, திரைக்கு வெளியே வீசியது. டிவி முழுக்கத் தங்க வெளிச்சம். மாஸ்டரும் சம்பந்தியும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.

"நல்லாத்தான் ஆடினீங்க," என்று மாஸ்டர் பெருந்தன்மையோடு கையை நீட்டினார்.

"நீங்களும் பரவாயில்ல. மனசுல வெச்சுக்காதீங்க," என்று சம்பந்தி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

தோற்ற மனுஷன் ஏதோ சொல்லிவிட்டுப் போகட்டும் என்று மாஸ்டர் தலையணையை எடுத்துக்கொண்டு அறைக்கு நடந்தார். வாசற்படியில் சம்பந்தியின் சூட்கேஸ் அவர் முழங்காலை இடித்தது. சூட்கேஸோடு சம்பந்தியும் இருந்தார்.

"சோபா அந்தப் பக்கம், சம்பந்தி."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். தோத்தவருக்கு இங்க என்ன வேலை?"

"தோத்தவரா? தூக்கிப் போட்டது என் கரடி."

"உங்க கரடியா? அதைச் சுத்தவிட்டது இந்தக் கட்டைவிரல். பாருங்க, கொப்புளமே வந்திருக்கு."

"அவனை உள்ள கூப்பிட்டதே நான்தான்."

சூட்கேஸ் குறுக்கே மாட்டிக்கொண்டது. நூற்று முப்பத்திரண்டு வயது, இரண்டு பங்காக, ஒரே வாசற்படியில் தோளோடு தோள் நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. மருமகள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கி, தலையணையைப் பார்த்தாள், சூட்கேஸைப் பார்த்தாள்.

"நீயே சொல்லும்மா," என்றார் மாஸ்டர் மூச்சு வாங்க. "அந்தக் கரடி யாரோட ஆள்?"

"அப்பாவோட ஆள், மாமா. சிவப்புக் கையுறைதான் உங்க ஆள்."

சம்பந்தி நெஞ்சை நிமிர்த்தி, சூட்கேஸை ஓர் அங்குலம் உள்ளே தள்ளினார்.

மாஸ்டரின் தலையணை மெல்லச் சரிந்தது. "அப்ப நான் இவ்வளவு நேரம் யாரைம்மா அடிச்சேன்?"

"கம்ப்யூட்டரை. நீங்களும் அப்பாவும் ஒரே டீம், மாமா."