வேற யாரோ எடுக்கிறாங்க

"அண்ணி, உங்க வெப்சைட்ல இருக்கிற பட்டனைத் தொட்டேன். யாரோ ஒரு பொம்பளை எடுத்து, 'கர்ட்டன் கடைங்க, சொல்லுங்க'ன்னாங்க. உங்க குரல் இல்ல. பட்டுன்னு வெச்சுட்டேன்."

நாத்தனார் போனில் சொன்னதும் அவளுக்கு தையல் மெஷினை மிதித்த கால் அப்படியே நின்றது.

ஜன்னலுக்குக் கர்ட்டன் தைக்கும் தொழில் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. வீட்டின் முன்னறைதான் கடை. வெப்சைட்டுக்கு ஆள் வைக்காமல், பன்னிரண்டு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவளே செய்திருந்தாள். 'அழைக்க இங்கே தொடவும்' என்று ஒரு பச்சைப் பட்டன். அதன்மேல் அவள் நம்பர், பெரிதாக.

கணவன் தன் போனில் அந்தப் பட்டனைத் தொட்டான். மணி அடித்தது. ஆனால் அவள் கையில் இருந்த போன் வாய் திறக்கவில்லை.

"கர்ட்டன் கடைங்க, சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல்.

கணவன் சுதாரித்துக்கொண்டான்.

"எட்டு ஜன்னலுக்குத் தைக்கணும். கடை எங்க இருக்கு?"

குரல் விலாசம் சொன்னது. பத்து நிமிட தூரம்தான்.

"நாம இத்தனை நாளா இதைத் தொட்டுப் பார்க்கவே இல்லையா?" என்றான், போனை வைத்துவிட்டு.

"கம்ப்யூட்டர்லதானே பார்த்தேன். நம்பர் சரியாத்தானே தெரியுது" என்றாள் அவள். "உள்ள புகுந்து ஏதோ பண்ணியிருக்கா. நமக்கு வர்ற ஆளையெல்லாம் வழியிலேயே மடக்கியிருக்கா. புது ஆளுதானே, கேட்க நாதி இல்லன்னு நினைச்சுட்டா."

"கிளம்பு. நேர்லயே கேட்டுடலாம்."

கடை சின்னதுதான். சுவரோரம் துணிச் சுருள்கள், பெட்டி நிறைய வளையங்கள். ஐம்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. கழுத்தில் அளவு டேப், உதட்டில் நாலைந்து குண்டூசி.

"எட்டு ஜன்னல்னு கேட்டது நீங்கதானா?"

"எட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றான் கணவன். தன் போனை நீட்டி, பட்டனைத் தொட்டான். மேசையிலிருந்த அந்த அம்மாவின் போன் அடித்தது. "இதுக்கு என்ன சொல்றீங்க?"

அந்த அம்மா அடித்த போனை நிறுத்தினார். அவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"பன்னிரண்டு நாள் கண்ணு வலிக்க வலிக்க நானே செஞ்ச வெப்சைட் அது. அதைப் பார்த்து இதுவரைக்கும் ஆறு பேர் வந்திருக்காங்க. நீங்க நடுவுல கை வைக்காம இருந்தா அறுபது பேர் வந்திருப்பாங்க. அடுத்தவங்க உழைப்பை இப்படி எடுத்துக்க உங்களுக்குக் கூசலையா?"

"போலீசுக்கே போயிருப்போம். வயசுக்கு மரியாதை குடுத்து இங்க வந்தோம்" என்றான் கணவன்.

அந்த அம்மா குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தி வைத்தார். பிறகு கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"இது என் வெப்சைட். நாலு வருஷமா இருக்கு. படிச்சுப் பாருங்க."

கணவன் குனிந்து படித்தான்.

'உங்கள் ஜன்னலுக்கும் ஒரு நல்ல உடை வேண்டும். அளவெடுக்க நாங்களே வருகிறோம். வெயிலை எவ்வளவு உள்ளே விடலாம் என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.'

கீழே அதே பச்சைப் பட்டன்.

அவன் மெதுவாக நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். "இது... நீ எழுதினதுன்னு சொன்னியே. நான்கூட நாலு பேருக்குப் படிச்சுக் காட்டினேனே."

அவளுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "ரொம்பப் பிடிச்சிருந்தது... அப்படியே எடுத்துப் போட்டு, கலர், பேரு எல்லாம் மாத்தினேன். நம்பரையும் மாத்தினேனே."

"மேல தெரியுற நம்பரை மாத்தினீங்க. தொட்டா யாருக்குப் போகணும்கிறது உள்ள தனியா எழுதியிருக்கும். அதை அப்படியே விட்டுட்டீங்க" என்றார் அந்த அம்மா. "அந்த மூணு வரியை எழுத எனக்கு ஒரு வாரம் ஆச்சு."

கணவன் போனைச் சட்டைப் பையில் போட்டான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் துணிச் சுருள்களைப் பார்த்தான்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"முதல் போன் வந்த அன்னிக்கே. உங்க கடைப் பேரைச் சொல்லி ஒருத்தங்க கேட்டாங்க. யாருடா இதுன்னு தேடிப் பார்த்தா, என் எழுத்து."

"அப்புறம் ஏன் எங்களை ஒண்ணும் கேட்கலை?"

"கேட்காம என்ன. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கணும்னுதான் அன்னிக்குச் சாயங்காலமே உங்களுக்குப் போன் போட்டேன். நீங்க என்னைப் பேசவே விடலை. 'அப்புறம் கூப்பிடுங்க, எங்க கடைக்கு முதல் கஸ்டமர் வந்திருக்காங்க'ன்னு சொல்லும்போதே சந்தோஷத்துல உங்களுக்கு மூச்சு வாங்குச்சு. 'அந்தப் பட்டனைத் தொடாதீங்க, மேல இருக்கிற நம்பரைக் கையால அடிங்க'ன்னு சொல்லி அவங்களை உங்ககிட்ட அனுப்பினதே நான்தான். அன்னிக்கு உங்களைத் திட்ட மனசு வரலை. அப்புறம் வந்த அஞ்சு பேருக்கும் அதையேதாம்மா சொன்னேன்."