செவனா, டென்னா, லெவனா

கீபோர்டு சுவரில் மோதி உடைந்த சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. பெலிக்ஸ் டூல்ஸ் பையோடு உள்ளே நுழைந்தபோது எழுத்துக் கட்டைகள் தரையெங்கும் சிதறிக் கிடந்தன. மேசைக்குப் பின்னால் அமிர்தவல்லி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தாள். தலைப்பில் ரத்தம்.

"வா பெலிக்சு. இன்னைக்கும் நின்னு போச்சு," என்றான் அவள் கணவன் நாகராசு, வலித்த கையை உதறிக்கொண்டே. "சர்ட்டிபிகேட்டுக்கு வெளிய பத்துப் பேரு நிக்கிறான். மனுசனுக்கு ஆத்திரம் வருமா, வராதா?"

திருமயம் கடைவீதியில் அவர்கள் இருவரும் நடத்தும் ஆன்லைன் சென்டர் அது. இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதில் உட்காருவது அமிர்தவல்லி. மூன்று மாதமாக வாரம் ஒரு தடவையாவது அது நின்றுவிடும். உடனே நாலு கடை தள்ளி சர்வீஸ் கடை வைத்திருக்கும் பெலிக்சுக்கு போன் வரும். அவன் வரும்போதெல்லாம் அவள் உடம்பில் ஒரு புதுக் காயம் இருக்கும்.

முதலில் அதில் விண்டோஸ் செவன் இருந்தது. பழசு, அதனால்தான் நிற்கிறது என்று டென் போட்டான். நின்றது. மெமரியைக் கூட்டி லெவன் போட்டான். அதுவும் நின்றது. தன் வேலையின் குறைக்கு ஒரு பெண் அடி வாங்குகிறாள் என்ற நினைப்பு, சாப்பிட உட்கார்ந்தால்கூட அவனை விடவில்லை.

அவன் வேலை பார்க்கும் நேரத்தில் நாகராசு வேறு ஆளாக இருப்பான். டீ வாங்கி வருவான். கோட்டை பார்க்க வந்த கூட்டத்தைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசுவான்.

"மெதுவாப் பாருங்கண்ணே, அவசரமில்ல," என்பாள் அமிர்தவல்லி.

இதை ஒரு முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று பெலிக்ஸ் தன் கடையில் அதே மாதிரி மூன்று பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளைத் தேடிப் பிடித்து வைத்தான். ஒன்றில் செவன், ஒன்றில் டென், ஒன்றில் லெவன். மூன்றுக்கும் ஒரே வேலை கொடுத்து, பத்து நாள் அணைக்காமல் ஓட விட்டான். செவன் சட்டென்று திறந்தது, ஆனால் சில புது வெப்சைட்டுகள் அதில் வரவில்லை. டென் அப்டேட்டுக்காக ஒரு தடவை கேட்டுவிட்டு, தானே அணைந்து எழுந்தது. லெவன் திறக்க நேரம் எடுத்தது. திறந்த பிறகு தடங்கலில்லாமல் ஓடியது. மூன்றில் ஒன்றுகூட நடுவில் நிற்கவில்லை.

பதினோராம் நாள் மத்தியானம் சென்டருக்குப் போய், கம்ப்யூட்டர் தனக்குள் எழுதி வைத்திருக்கும் பதிவுகளைத் திறந்தான். லெவன் போட்ட பிறகு நாலு தடவை நின்றிருந்தது. நாலு தடவையும் காரணம் ஒன்றுதான். பவர் பட்டனை யாரோ அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

பெலிக்சுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

"அண்ணே, இதுல ஒரு கோளாறும் இல்ல," என்றான் நாகராசுவிடம். "செவனும் நல்லாத்தான் இருந்துச்சு, டென்னும் நல்லாத்தான் இருந்துச்சு. யாரோ பட்டன அமுக்கி நிறுத்தியிருக்காங்க. கைபடாமப் பாத்துக்கிட்டா, இனிமே நான் இங்கிட்டு வரவே வேண்டியதில்ல."

அமிர்தவல்லியின் முகம் வெளுத்தது. பட்டன் அவள் காலடியில் இருந்த பெட்டியில் இருந்தது.

நாகராசு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சரி பெலிக்சு, நீ கெளம்பு," என்றான். குரல் மிகவும் மெதுவாக இருந்தது.

பெலிக்ஸ் தன் கடைக்குத் திரும்பி ஸ்டூலில் உட்காரக்கூட இல்லை. பட்டப்பகலில் சென்டரின் ஷட்டர் கீழே இறங்கும் சத்தம் கேட்டது. அடுத்து, ஏதோ கனமான பொருள் விழுந்த சத்தம். அதற்குப் பிறகு வந்தது அமிர்தவல்லியின் அலறல்.

ஓடிப் போய் ஷட்டரைத் தூக்கினான். மானிட்டர் நொறுங்கிக் கிடந்தது. அமிர்தவல்லி மேசைக்கும் சுவருக்கும் நடுவில் சுருண்டிருந்தாள். நாகராசு பவர் கேபிளைக் கையில் சுற்றிக்கொண்டு, பிளக் இருக்கும் முனையால் அவள் தலையில் விளாசினான்.

"என்னைய ஏமாத்துறியாடி, என்னைய?"

பெலிக்ஸ் குறுக்கே விழுந்தான். அடுத்த அடி அவன் புருவத்தைக் கிழித்தது. அதற்கடுத்தது கழுத்தில் விழுந்தது. டீக்கடையிலிருந்து ஓடிவந்த மூன்று பேர் நாகராசுவைக் கீழே தள்ளி, அதே கேபிளால் கையைக் கட்டினார்கள். கட்டிய பிறகும் அவன் அவளை நோக்கிக் காலால் உதைத்துக்கொண்டே இருந்தான்.

அரசு ஆஸ்பத்திரியில் அமிர்தவல்லிக்குத் தலையில் ஒன்பது தையல். நாகராசுவை போலீஸ் ஜீப்பில் ஏற்றிப் போய்விட்டார்கள். வாக்குமூலம் எழுதிய பெண் போலீஸ் வெளியே போனதும், புருவத்தில் கட்டோடு பெலிக்ஸ் கட்டிலருகில் வந்து நின்றான். அவள் கண்ணைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"நான்தான் வாயக் குடுத்துக் கெடுத்துட்டேன், தங்கச்சி. ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. கம்ப்யூட்டர் நின்னா அந்தாளு அடிப்பாருன்னு தெரிஞ்சும் எதுக்கும்மா அத நிறுத்துன?"

அவள் உலர்ந்த உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"அடிக்க ஆரம்பிச்சப்புறந்தாண்ணே நிறுத்துவேன். அப்பத்தான நீங்க வருவீங்க."