நாற்பத்து மூன்று கட்டங்கள்

முதல் அடியிலேயே காற்றுக் கோபுரம் இரண்டாகப் பிளந்தது.

இரண்டாவது அடி பள்ளிக்கூடத்தில். மூன்றாவது சந்தைத் தெருவில். கோபிசன் சுத்தியலை ஓங்கி ஓங்கிப் போட்டான். மரச் சிராய்கள் பறந்துபோய்க் கண்ணாடிக் கதவில் அடித்தன.

மூன்று மாதம் மினக்கெட்டு அவனே தன் கையால் செய்த மாதிரி நகரம் அது. பாலைவனத்தில் ஏசி இல்லாமலே குளிரப்போகும் ஊர். தடித்த மண்சுவர், காற்றை இழுத்து வீட்டுக்குள் விடும் கோபுரம், நிழல் விழும் ஒடுங்கிய தெரு. சுவிஸின் ரெனானில் இருக்கும் அவர்களுடைய சின்னக் கட்டட அலுவலகத்துக்கு இதற்குப் பரிசுகூடக் கிடைத்தது. சும்மா சொல்லக்கூடாது, வடிவான ஊர்தான்.

அந்த ஊர் எழும்ப வேண்டிய மண்ணிலிருந்து காலையில் அவனுடைய போனுக்கு ஒரு வீடியோ வந்திருந்தது.

புல்டோசர் மண் வீடுகளை ஒவ்வொன்றாக உழுது தள்ளிக்கொண்டு வந்தது. ஒரு பெண் வாசல் நிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். சிப்பாய் ஒருவன் துப்பாக்கியின் அடிக்கட்டையால் அவள் வாயில் இடித்தான். அவள் பல்லைத் துப்பிவிட்டு மறுபடியும் நிலையைப் பிடித்தாள். அவன் மறுபடியும் இடித்தான். புல்டோசர் நிற்கவேயில்லை.

பரிசு வாங்கிய வரைபடத்தில் அந்த இடம் வெறும் மணல். ஒரு குடிசைகூட இல்லை.

அட பாவிகளே! யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் கோபிசனின் அப்பா கட்டிய வீட்டையும் ஆளில்லாத காணி என்று சொல்லித்தான் ஆமிக்காரர் இடித்தார்கள். அதை நினைக்க நினைக்க அவனுக்கு விசர் ஏறியது.

சத்தம் கேட்டு முதலாளி மத்தியூ ஓடிவந்தார். நல்ல மனிசன். ஈழத் தமிழரின் ஜெனீவா ஊர்வலத்துக்கு லீவு கேட்டால் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கோபிசன் அவருடைய கொலரைப் பிடித்துச் சுவரோடு மோதினான். மூக்கிலே விட்டான் ஒரு குத்து. இரத்தம் வாயை நனைத்து வெள்ளைச் சட்டையில் வழிந்தது.

"அந்தச் சனத்தை ஆர் அழிச்சது? வரைபடத்திலயிருந்து ஆர் அழிச்சது?" என்று பிரெஞ்சும் தமிழுமாகக் கத்தினான்.

மத்தியூ மூக்கைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. கோபிசன் சுத்தியலை அவர் தலைக்கு நேரே தூக்கினான்.

"அண்ணை, விடுங்கோ! நான் பாத்துச் சொல்லுறன்!"

பக்கத்து மேசை ஜெனனிதான். பழைய கோப்புகளைத் திறந்து பெரிய திரையில் போட்டாள்.

வானத்திலிருந்து எடுத்த முதல் செய்மதிப் படம் விரிந்தது. மணலுக்கு நடுவே நாற்பத்து மூன்று சின்னச் சாம்பல் கட்டங்கள். அடுத்த படத்தில் அவை இல்லை.

புதுத் திட்டம் வந்தால் படத்தைத் துப்புரவாக்குவதுதான் முதல் வேலை. பற்றை, ஆட்டுப்பட்டி, இடிந்த சுவர், எல்லாவற்றையும் அழித்த பிறகுதான் கோடு கீறத் தொடங்குவார்கள். அழித்தவர் பெயரையும் நேரத்தையும் கணினி ஓரத்தில் எழுதி வைத்துவிடும்.

ஜெனனி அந்த வரியைப் பெரிதாக்கினாள். பிறகு திரும்பி அவனைப் பார்த்தாள்.

கோபிசன். திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு இருபது.

சுத்தியல் கையிலிருந்து நழுவியது. அந்தத் திங்கட்கிழமை அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆட்டுப்பட்டியாக்கும் என்று நினைத்தான். கிட்டவாக்கிப் பார்க்க நேரமில்லை. அரைநாள் லீவு சொல்லியாகிவிட்டது, பன்னிரண்டு நாற்பது ரயிலைப் பிடிக்க வேண்டும்.

இரண்டு மணிக்கு ஜெனீவாவில், ஐநா முன்றலில், 'எங்கள் நிலம் எங்களுக்கு வேண்டும்' என்ற பதாகையை முன்வரிசையில் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான்.