வேறொரு டாக்டர்

"பையனோட கடைவாய்ப் பல்லுக்கு எடுத்த எக்ஸ்ரே வேணும்மா. வேறொரு டாக்டர் கேட்கிறார்."

தயங்கித் தயங்கி அந்த அப்பா சொன்னதும் பல் டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. போன வருஷம் அந்தப் பையனைப் பல தடவை வரவழைத்து, ரூட் கெனால் செய்து, பார்த்துப் பார்த்து கேப் போட்ட பல் அது.

"ஏன், என் வேலையில என்ன குறை கண்டீங்க? மறுபடியும் வலிக்குதாமா?"

"வலியெல்லாம் இல்லைங்க."

"பின்னே என்ன? கூட்டிட்டு வாங்க, நானே பார்க்கிறேன்."

"கூட்டிட்டு வர முடியலைங்க."

"என் முகத்துல முழிக்கக் கூச்சமா இருக்கும். அந்த டாக்டர்கிட்ட சொல்லுங்க, நான் போட்ட கேப் ஆயுசு பூரா அசையாதுன்னு."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டரம்மா வேண்டாவெறுப்பாகக் கம்ப்யூட்டரில் படத்தைத் தேடி எடுத்தார். "எந்த கிளினிக்? நானே அனுப்பிடறேன்."

"கிளினிக் இல்லைங்க. ஆஸ்பத்திரி பிணவறை." அவர் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். "பையன் வேலை பார்த்த கிடங்குல நேத்து தீப்பிடிச்சிருச்சு. அவனைக் காணோம். ஒரு உடம்பு கிடைச்சிருக்கு, முகம் தெரியலை. கடைவாய்ப் பல்லுல கேப் இருக்காம்."

டாக்டரம்மா படத்தை அச்சிட்டு நீட்டினார்.

அப்பா அதை உடனே வாங்கிக்கொள்ளவில்லை.

"எத்தனையோ டாக்டருங்க கேப் போடறாங்க, இல்லையாம்மா? அது மட்டும் நீங்க போட்டதா இருக்கக் கூடாது."